எடை மேடைக்காரரின் எடை

லாரி ஓட்டுகிறவர்களின் வாய்க்குப் பூட்டுப் போட முடியாது. எடை மேடைக்காரருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘டன்’. நேரில் பார்த்தால் ‘அண்ணே’ என்று குழைவார்கள். வண்டியை நகர்த்தியதும், “டன்னு இன்னைக்கு எரிஞ்சு விழுது, ஜாக்கிரதை” என்று பின்னால் வருகிறவனுக்கு ஒரு செய்தி போகும். அவருக்கு அது காதில் விழாமல் இல்லை. விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடுவார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு பெயருக்கெல்லாம் கோபித்துக்கொண்டிருந்தால் மனிதன் ஒரு நாள்கூட வெளியே தலைகாட்ட முடியாது.

கல் உடைக்கும் ஆலையின் வாசலில் இருந்தது அந்த எடை மேடை. ஒரு முழு லாரி நிற்கிற நீளத்துக்குத் தரையோடு தரையாக இரும்புத் தகடு, பக்கத்தில் ஒரு சிறு அறை, அறைக்கு வெளியே தலைக்கு மேல் சிவப்பு எண்கள் எரியும் பலகை. வண்டியைக் காலியாக ஒரு தடவை நிறுத்த வேண்டும், ஜல்லி ஏற்றிக்கொண்டு வந்து இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் லாரிக்காரர்களோடு பழகாதவர்கள். காலி வண்டியின் எடை கூடுதலாகத் தெரிந்தால் ஏற்றிய சரக்கு குறைவாகத் தெரியும் அல்லவா? அதனால் காலியாக நிற்கும்போது ஓட்டுநர் இறங்காமல் உட்கார்ந்திருப்பார். கிளீனர் ஒன்றும் அறியாதவன் மாதிரித் தகட்டின் ஓரத்தில் வந்து நின்று பீடி பற்ற வைப்பான். சிலர் சக்கரத்தில் கூடை கூடையாகச் சேற்றை அப்பிக்கொண்டு வருவார்கள். டன் அண்ணன் அத்தனையையும் கண்டுபிடிப்பார். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஜன்னல் வழியாக ஒரே ஒரு சத்தம்:

“மேடையை விட்டு இறங்கு!”

அந்தக் குரலுக்குக் கட்டுப்படாதவன் கிடையாது. அவருக்கு இன்னொரு விதியும் உண்டு. வண்டி ஏறுவதற்கு முன்னால் பலகையைப் பார்க்க வேண்டும். அதில் பூஜ்யம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தகட்டைப் பெருக்கு, அல்லது அறைக்குள் பொத்தானை அமுக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டு வா, பிறகு வண்டியை ஏற்று. தொழிலின் முதல் பாடம் இதுதான் என்று புதிதாக வருகிற ஓட்டுநர்களிடமெல்லாம் கறாராகச் சொல்வார்.

சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கனத்த உடம்பு. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் பெண் வீட்டார் அவரைப் பார்த்தார்கள், பிறகு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்கள். மூன்றாவது இடத்துக்கு அவரே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா போன பிறகு அவருக்கென்று மிஞ்சியவள் அக்கா ஒருத்திதான். அவளும் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். இவர் ஆலைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில், பட்டறையில் சொல்லிச் செய்த இரும்புக் கட்டிலோடும் இரும்பு நாற்காலியோடும் இருந்தார். சாயங்காலம் ஆனால் சாப்பாடு. அது பசிக்காக மட்டும் இல்லை. அந்த வீட்டுக்குத் தவறாமல் வருகிற விருந்தாளி அது ஒன்றுதான். அதை எழுப்பி அனுப்ப அவருக்கு மனசு வராது. பாத்திரம் காலியாகும்வரை உட்கார வைத்துக்கொள்வார்.

முதுகுவலி என்று போனவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி, எலுமிச்சம்பழம் அளவு. நல்ல கட்டி இல்லை, எடுத்தாக வேண்டும் என்றார் சிறுநீரக டாக்டர். நடுத்தர வயதுப் பெண்மணி அவர், அதட்டாத குரல். எடுத்துவிடுங்கள் என்றார் இவர். இப்போது முடியாது, முதலில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், உடம்பு இளைக்கட்டும், பிறகு கட்டிக்கு வருவோம் என்றார் டாக்டர்.

இவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “கட்டி ஒரு இடத்துல இருக்கு, நீங்க வேற இடத்துல வெட்டறேங்கறீங்க. இது என்ன கணக்கு டாக்டர்?”

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாக விளக்கினார். கட்டியை எடுக்க வேண்டுமானால் மயக்கத்தில் ஒருக்களித்து மணிக்கணக்கில் படுக்க வைக்க வேண்டும். இந்த எடையோடு அப்படிப் படுத்தால் நெஞ்சு அமுங்கி மூச்சுத் திணறும். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பை விலக்கி உள்ளே போவதற்குள் ரத்தம் போய்விடும். இரைப்பை ஆபரேஷன் மல்லாக்கப் படுத்தபடி, சின்னச் சின்னத் துளை வழியாக, சீக்கிரம் முடிந்துவிடும். அதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன், இதைவிடக் குறைவு என்றார். இந்தக் கட்டி மெதுவாக வளர்கிற ரகம், அதனால் சில மாதம் காத்திருக்கலாம். ஆனால் ரொம்ப நாள் காத்திருக்க முடியாது. ஒரு எண்ணைச் சொல்லி, எடை அதற்குக் கீழே வந்தால்தான் மயக்க மருந்து டாக்டர் சம்மதிப்பார் என்றும் சொன்னார்.

இவர் அதைத் தன் பாஷையில் மாற்றிக்கொண்டார். சரக்கை இறக்குவதற்கு முன்னால் வண்டியையே இளைக்க வைக்க வேண்டும். நல்ல வேடிக்கைதான் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தார். வாசல் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

அக்காவிடம் சொல்ல வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டார். அக்காவின் வீட்டுக்காரர் கட்டி வந்துதான் போனார். கடைசி இரண்டு வருஷம் அவருக்குத் துணி மாற்றி, ஊட்டி, தூக்கி உட்கார வைத்து, அக்கா எலும்பும் தோலுமாகிப் போனாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு, “இனிமே இந்த ஆஸ்பத்திரி வாசனையே என் ஆயுசுக்கும் வேண்டாம்டா” என்று சொல்லியிருந்தாள். அவளிடம் போய் ‘கட்டி’ என்கிற வார்த்தையை மறுபடி எப்படி எடுத்து வைப்பது? பாதியை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் போனில் சொன்னார். எடை குறைவதற்கு வயிற்றில் ஒரு சின்ன ஆபரேஷன், அவ்வளவுதான்.

அக்கா கடைசிவரை கேட்டாள். பிறகு வந்தது.

“நோய் வந்தவங்க கத்திக்குப் போறதே கொடுமை. நல்லா இருக்கிற வயித்தைக் கொண்டுபோய்க் கொடுக்கறேங்கறியே. இந்த வயசுல யாருக்குடா காட்டப் போறே இந்த அழகை?”

இவர் சிரித்து மழுப்பினார். அவள் போனை வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறவள் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டால் ‘உம்’, ‘சரி’ என்பதோடு பேச்சு முடிந்தது. கொஞ்ச நாளில் இவரும் விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம், கூட ஒரு ஆள் இருந்தால்தான் சேர்ப்பார்கள். கீச்சான் வந்தான். ஆறடி உயரத்துக்கு மேல் ஒரு கீச்சுக் குரலை வைத்திருந்ததால் லாரிக்காரர்கள் அவனுக்குக் கொடுத்த பெயர் அது. அக்காவின் ஊருக்கு ஜல்லி ஏற்றிப் போகிறவன் அவன்தான். இவர் கொடுத்தனுப்பும் பையை அங்கே சேர்த்து, அவள் கொடுத்தனுப்பும் பையை இங்கே கொண்டுவந்து, இரண்டு வீட்டுக்கும் பழகினவன். அவனிடமும் பாதிதான் சொன்னார். இரைப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கீச்சான் நடைபாதை பெஞ்சில் குறட்டை விட்டு நர்ஸிடம் திட்டு வாங்கியதைத் தவிர வேறு விபத்து எதுவும் நடக்கவில்லை.

இரைப்பை ஒரு வாழைப்பழப் பருமனுக்கு வந்துவிட்டது. நாலு மடக்குக் கஞ்சிக்கே மார்பு அடைத்தது. சாயங்காலத்து விருந்தாளி வந்த வேகத்தில் எழுந்து போய்விட, மீதிச் சாயங்காலம் அப்படியே கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்து இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்துக்கொள்வார். தொட்டால் தெரிகிற கட்டியில்லை அது. இருந்தாலும் கை அங்கேதான் போகும்.

எடை இறங்கியது. கடையில் இருக்கிற தராசு அவர் எடைக்குத் தாங்காது, தாங்கினாலும் நாலு பேர் முன்னால் ஏறி நிற்க அவருக்கு மனசில்லை. அதனால் காலையில் முதல் வண்டி வருவதற்கு முன்னால் மேடையிலேயே ஏறி நின்றார். அஞ்சு அஞ்சு கிலோவாகத்தான் காட்டும். லாரிக்குச் செய்த எந்திரம் ஒரு மனுஷனை அதற்கு மேல் மதிக்காது. அது போதும் என்று இருந்தார்.

சட்டை தொளதொளத்தது. லாரிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். “அண்ணே, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க.” “பொண்ணு பார்க்கட்டுமா அண்ணே?” “எங்க வீட்டுலகூட ஒருத்திக்கு இந்த ஆபரேஷன் பண்ணணும், எங்க பண்ணினீங்க?” அவர் சிரித்தார். இந்த உலகத்தில் இளைத்தவனைப் பாராட்ட ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஏன்யா இளைத்தாய் என்று கேட்கத்தான் ஒரு நாதி கிடையாது. அவரும் வாயைத் திறந்தாரா என்றால் அதுவும் இல்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து பாராட்டுகிற விஷயத்துக்குள்ளே பயந்து நடுங்கிக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். எனக்கு இதை நினைத்தால் அவர்மேலும் கோபம் வருகிறது, அந்த லாரிக்காரர்கள்மேலும் கோபம் வருகிறது.

பாதி தூரம் வந்ததும் எண் நின்றுவிட்டது. காரணம் அவருக்கே தெரியும். சின்ன வயிற்றை ஏமாற்ற ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கெட்டியானது உள்ளே போகாது, தண்ணீராக இருப்பது போகும். பாலில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, பிஸ்கட்டைக் கரைத்து, சாயங்காலம் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார். விருந்தாளி பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. மாதப் பரிசோதனையில் நர்ஸ் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். டாக்டர் சொன்ன எண் வந்ததும் போன் செய்யுங்கள், தேதி தருகிறோம் என்றாள்.

அப்புறம் மழைக்காலம். நாள் முழுக்க லாரிகள் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து தகட்டின்மேல் கொட்டின. ஒரு சாயங்காலம் பெருக்க அலுப்பாக இருந்தது. சேறு கிடக்கும்போதே பொத்தானை அமுக்கிப் பூஜ்யம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ராத்திரி கொட்டிய மழை தகட்டைக் கழுவித் துடைத்துவிட்டது. காலையில் குடையோடு வந்தவர் நேராக மேடையில் ஏறி, அப்புறம்தான் அண்ணாந்து பலகையைப் பார்த்தார். டாக்டர் சொன்ன எண்ணுக்கும் கீழே நின்றது.

ஏறுவதற்கு முன்னால் பார்த்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போன எண் கண்ணில் பட்டிருக்கும். கழுவிப்போன சேற்றின் அளவுக்கு எடை குறைத்துக் காட்டும் என்று தொழில் தெரிந்த எவனுக்கும் புரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. பிறகு முதல் லாரி வந்தபோது அறைக்குள் இருந்த எந்திரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே நின்ற அந்த எண் தெரியத்தான் தெரிந்தது. கை தன் பாட்டுக்குப் பொத்தானை அமுக்கியது, மனசு வேறு எங்கோ இருந்தது. எத்தனை லாரிக்காரர்களைச் சேற்றோடு திருப்பி அனுப்பிய மனிதர்! தனக்கு வேண்டிய எண் வந்ததும் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் இன்னொரு தடவை ஏறிப் பார்க்கவும் இல்லை. நல்ல எண் வந்த பிறகு திரும்ப ஏறிப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்?

போன் செய்தார், தேதி கிடைத்தது. கீச்சானைக் கூட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை வேறு மாடி. வயிற்று ஆபரேஷனில் ஒரு சின்ன பாக்கி என்று அவனிடம் பூசி மெழுகியிருந்தார். உள்ளே எடை பார்க்க அவரை அழைத்துப் போன நேரத்தில் ஒரு நர்ஸ் வெளியே வந்து, சிறுநீரகக் கட்டிக்கு வந்தவரோட ஆள் யார் என்று கேட்டாள். கீச்சான் எழுந்திருக்கவில்லை. நாங்க வேற கேஸ் சிஸ்டர், எங்களுது வெறும் குண்டு கேஸ் என்றான். நர்ஸ் கையிலிருந்த சீட்டைப் பார்த்து வயதையும் தொழிலையும் படித்தாள். கீச்சான் பெஞ்சை விட்டு மெதுவாக எழுந்தான்.

உள்ளே ஆஸ்பத்திரித் தராசு உண்மையைச் சொல்லிவிட்டது. எண்ணுக்கு இன்னும் நிறையவே மேலே இருந்தார். டாக்டர் முகத்தைப் பார்க்க முடியாமல் இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேறு என்று வாயில் வந்தது, சொல்லவில்லை. புதிதாக ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. இன்னும் ஒரு தேதிதான் தர முடியும், அதற்குமேல் காத்திருப்பது ஆபத்து, எடை குறையாவிட்டால் அந்த ஆபத்தோடேயே கத்தி வைக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது கீச்சான் சாலையிலேயே கண்ணை வைத்து லாரியை ஓட்டினான். கடைசியில், “அக்காவுக்குத் தெரியுமா அண்ணே?” என்று மட்டும் கேட்டான்.

“தெரியாது. தெரியவும் கூடாது. அவ பட்டது போதும்.”

“சரி அண்ணே” என்றான் கீச்சான். அவன் சரி என்று சொன்னால் அந்த நிமிஷத்துக்குச் சரி என்று அர்த்தம். இது ஆலையில் எல்லாருக்கும் தெரியும், இவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு ஒழித்தார் பாலையும் சர்க்கரையையும். டாக்டர் கொடுத்ததைக் குடித்தார், சொன்னதைத் தின்றார், ஆலையைச் சுற்றி மூச்சு வாங்க நடந்தார். சாயங்காலம் வெறும் சாயங்காலமாக இருந்தது. சில நாள் அழுதார் என்றே சொல்லிவிடுகிறேன். இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, அம்பது தாண்டிய மனிதர், வாய்விட்டு அழுதார். போனை எடுத்து அக்காவின் பெயர்வரை போவார், பிறகு வைத்துவிடுவார். மேடையில் மட்டும் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குத்தான் ஏறிப் பார்ப்பது என்று வைராக்கியமாக இருந்தார்.

அந்தக் காலையும் வந்தது. வெளிச்சம் பரவியிருந்தது, ஆலையில் இன்னும் சத்தம் தொடங்கவில்லை. துடைப்பத்தை எடுத்து வந்து தகட்டை மூலை முடுக்கெல்லாம் பெருக்கினார். அறைக்குள் போய்ப் பொத்தானை அமுக்கினார். வெளியே வந்து பலகையைப் பார்த்தார். பூஜ்யம். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, தகட்டின் நடுவுக்கு நடந்து போய், பலகைக்கு நேராக நின்று, கண்ணை மூடித் திறந்தார்.

டாக்டர் சொன்ன எண்ணைத் தாண்டி எங்கேயோ நின்றது. போன தடவை ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிடவும் கூடுதல்.

இத்தனை நாள் பட்டினிக்கு இதுதானா கூலி? முடிந்தது, அந்த ஆபத்தோடேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தார். காலடியில் இரும்பு சில்லிட்டது. ஆனால் எண் பொருந்தவில்லை என்றால் ஏன் என்று தேடிப் பழகின புத்தி அது, துக்கத்திலும் சும்மா இருக்கவில்லை. சேறா? பெருக்கியாயிற்று. மழையா? இல்லை. பூஜ்யமா? கண்ணாலேயே பார்த்தது. அப்படியென்றால் மிச்சம் இருக்கிற காரணம் ஒன்றே ஒன்று. நினைத்து முடிப்பதற்குள் வாய் தானாகக் கத்திவிட்டது.

“யாரது? மேடையை விட்டு இறங்கு!”

கத்திக்கொண்டே திரும்பினார். பத்தடி பின்னால், தகட்டின் ஓரத்தில், கையில் ஒரு பையோடு அக்கா நின்றிருந்தாள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து சட்டென்று கீழே இறங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஆலை வாசலில், என்ஜினை அணைத்துச் சத்தமில்லாமல் உருட்டி நிறுத்தியிருந்த கீச்சானின் லாரி. கீச்சான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றிருந்தான்.

அக்கா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். தொங்குகிற கன்னத்தையும் தொளதொளத்த சட்டையையும் பார்த்தாள்.

“கட்டின்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையாடா?”

“மாமாவுக்குப் பார்த்ததே உனக்குப் போதும்னுதான் அக்கா...”

“போதுமா போதாதான்னு நீ யாருடா முடிவு பண்ண?” அவள் கண்ணைத் துடைக்கவில்லை, வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டாள். “யாருக்குக் காட்டப் போறே அழகைன்னு கேட்டேனே. அதைக் கேட்டுக்கிட்டு எப்படிடா சும்மா இருந்தே?”



“அண்ணே! பலகையைப் பாருங்க அண்ணே!” என்று கீச்சான் அங்கிருந்தே கீச்சிட்டான். அக்கா இறங்கியதில் எண் சரசரவென்று கீழே வந்து, டாக்டர் சொன்னதற்கு அஞ்சு கிலோ குறைவாக நின்றிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. தகட்டுக்கு வெளியே மண்ணில் நின்ற அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அந்த மேடையில் வேறு யாரையும் நிற்கவிடாத மனிதர் கையை நீட்டினார்.

“ஏன் இறங்கினே? மேல வா அக்கா.”

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு ஏறி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பலகையில் எண் மறுபடி கூடியது.